ஆபத்தை ஆங்கிலத்தில் சொல்லும் முறை: முழுமையான வழிகாட்டி

திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களிலும் பெருந்துறை சிப்காட் ஆலைகளிலும் வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஆபத்து தொடர்பான ஆங்கிலத்தை அவர்களில் பெரும்பாலோர் தலைகீழாகவே கற்கிறார்கள். மரபுத்தொடர்ப் பட்டியல் ஒன்றை முதலில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் சக ஊழியரின் முதுகுக்குப் பின்னால் லாரி ரிவர்ஸில் வரும்போது என்ன சொல்லிக் கூவுவது என்று தெரியாமல் திகைக்கிறார்கள்.

ஆகவே இங்குள்ள வரிசை, பேசுவதற்குக் கிடைக்கும் நேரத்தை வைத்து அமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு நொடிக்குள் கூவ வேண்டியவை முதலில் வரும்; நிதானமாக உட்கார்ந்து எழுத வேண்டியவை கடைசியில் வரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் வேலையிடத்தில் தொங்கும் எச்சரிக்கைப் பலகைகள் அனைத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாயப்பட்டறையில் இருப்பவர்கள் காஸ்டிக் சோடா, ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்பைட்) ஆகிய இரண்டு ரசாயனங்களின் பாதுகாப்புத் தகவல் தாள்களைக் கேட்டு வாங்குங்கள். விவசாயக் குடும்பத்தினர், காலியான பூச்சிமருந்து டப்பாவைக் கையில் எடுக்காமல், அதன் லேபிளை மட்டும் படம் எடுத்தால் போதும். பாடப்புத்தகப் பட்டியலில் உள்ள சொற்களில் பாதி நம் கண்ணில் படவே போவதில்லை. பலகையில் இருப்பவையோ தினமும் கண்ணெதிரே நிற்பவை.

அகராதி வாங்குவதானால் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு வரும் ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதியை வாங்குங்கள். ஆங்கிலம்–தமிழ் அகராதிகளில் 'டேஞ்சர்', 'ரிஸ்க்', 'ஹஸார்ட்', 'பெரில்' எல்லாவற்றுக்கும் ஆபத்து, அபாயம், இடர் என்ற அதே மூன்று சொற்கள்தாம் மாறி மாறி வருகின்றன. எதை எங்கே போடுவது என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது.

நோட்டுப் புத்தகத்தில் சொல்லைத் தனியாக எழுதாமல் முழு வாக்கியமாக எழுதி, அதை யார் யாரிடம் சொல்வார்கள் என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

2. கூவும் சொற்கள்

முதலில் பழக வேண்டியவை ஐந்தாறுதான். நம்மை நோக்கி ஏதாவது வரும்போது 'வாட்ச் அவுட்' அல்லது 'லுக் அவுட்'. பின்னால் தள்ளி நிற்கச் சொல்ல 'ஸ்டாண்ட் பேக்' அல்லது 'கெட் பேக்'. தலைக்கு மேலே ஏதாவது வந்தால் 'டக்' அல்லது 'கெட் டவுன்'. தீப்பிடித்தால் 'ஃபயர்' என்ற ஒரே சொல். உதவிக்கு 'ஹெல்ப்'.

சொல்லுக்குச் சொல் அர்த்தம் படித்தவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 'லுக் அவுட்' என்று குரல் கேட்டால் ஜன்னல் வழியே வெளியே பார்ப்பவர்களும், 'டக்' என்றதும் வாத்தை நினைப்பவர்களும் உண்டு. இந்தச் சொற்களின் அர்த்தத்தை யோசிக்க நேரம் இருக்காது என்பதால், ஒருவர் கூவ மற்றவர் உடலை அசைத்துக் காட்டும் பயிற்சியாகத்தான் இவற்றைக் கற்க வேண்டும். உட்கார்ந்து படித்தால் பலன் இல்லை.

அசையாமல் இருக்கும் ஆபத்துக்குச் சொற்கள் வேறு. தாழ்ந்த நிலைக்கதவுக்கு 'மைண்ட் யுவர் ஹெட்'. ஈரத் தரைக்கும் படிக்கட்டுக்கும் 'வாட்ச் யுவர் ஸ்டெப்'. முதலாவதில் வரும் 'மைண்ட்' மனத்தைக் குறிப்பதன்று. "தலையைப் பாத்துங்க" என்று நாம் சொல்வதில் உள்ள 'பாத்து'தான் அது. 'பி கேர்ஃபுல்' என்பது வேலை தொடங்கும் முன் சொல்லும் அறிவுரை. பாய்ந்து வரும் டிராலிக்கு முன்னால் நிற்பவரிடம் அதைச் சொன்னால் அவர் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.

கொங்குப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அவசரத்திலும் "தள்ளுங்க, தள்ளுங்க" என்று மரியாதை விகுதியோடு கூவிப் பழகிய நாக்கு, ஆங்கிலத்திலும் மரியாதையைத் தேடுகிறது. ஒரு பயிற்சியில், மேலாளர் வேடத்தில் நின்றவரை நோக்கி டிராலி உருண்டு வந்தபோது, ஓர் இளைஞர் 'சார், ப்ளீஸ் மூவ் ஃப்ரம் தேர்' என்று தொடங்கினார். 'மூவ்' என்ற சொல்லை எட்டுவதற்குள் டிராலி அவருடைய முழங்காலைத் தொட்டுவிட்டது. ஆங்கிலத்தில் கூவும் சொற்களுக்கு மரியாதை வடிவம் கிடையாது. முதலாளியைப் பார்த்து 'வாட்ச் அவுட்' என்று கத்துவது மரியாதைக் குறைவும் ஆகாது.

3. முன்னால் நிற்கும் சிறு சொற்கள்

பிழைகளில் பெரும்பங்கு இங்கே நேர்கிறது என்பதால் இந்தப் பகுதியில் நின்று நிதானிக்க வேண்டும். ஆபத்தில் இருப்பதைச் சொல்ல 'இன் டேஞ்சர்', 'அட் ரிஸ்க்', 'அண்டர் த்ரெட்' என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முன்னிடைச்சொல் நிலையாக ஒட்டியிருக்கிறது. 'இன் ரிஸ்க்', 'அட் டேஞ்சர்' என்று மாற்றிப் போட முடியாது. தமிழில் எல்லாவற்றுக்கும் 'இல்' என்ற ஒரே உருபு போதுமாக இருப்பதால் நமக்கு இது இயல்பாக வருவதில்லை. சொல்லோடு சேர்த்தே ஒரே மூச்சில் மனப்பாடம் செய்வதுதான் வழி.

அடுத்தது 'டேஞ்சரஸ்'. இது ஆபத்தை விளைவிப்பவரைக் குறிக்கிறது. ஆபத்தில் சிக்கியவரை அன்று. 'ஐ ஆம் டேஞ்சரஸ்' என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னால், கேட்பவர் காப்பாற்ற வரமாட்டார்; கதவைத்தான் பூட்டிக்கொள்வார். மதுக்கரைக்கும் வாளையாருக்கும் இடையே ரயில் பாதையில் நிற்கும் யானை 'இன் டேஞ்சர்'. அதே யானை இரவில் தோட்டத்துக்குள் வந்தால் காவலுக்குப் படுத்திருக்கும் விவசாயிக்கு அது 'டேஞ்சரஸ்'. உலகில் குறைந்துவரும் இனம் என்ற வகையில் ஆசிய யானை 'எண்டேஞ்சர்ட்'. இந்த மூன்றையும் ஒரே யானையை வைத்துப் படித்துவிட்டால் பிறகு குழப்பம் வராது. ஆனைமலையின் வரையாடும் பன்னாட்டுப் பட்டியலில் 'எண்டேஞ்சர்ட்' வகையில்தான் இருக்கிறது.

'டேஞ்சர்' என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வருவதையும் கவனியுங்கள். நேரப்போவதைச் சொல்ல 'டேஞ்சர் ஆஃப் ஃபயர்'. பாதிக்கப்படுபவரைச் சொல்ல 'டேஞ்சர் டு வொர்க்கர்ஸ்'. எங்கிருந்து வருகிறது என்பதற்கு 'டேஞ்சர் ஃப்ரம் தி பாய்லர்'. 'டேஞ்சர் டு ஃபயர்' என்று எழுதினால் நெருப்புக்கு ஆபத்து என்று பொருளாகிவிடும்.

மருத்துவமனையில் இன்னொரு சிக்கல் எழுகிறது. "சீரியஸா இருக்காருங்க" என்பது நம் பேச்சில் உயிருக்குப் போராடும் நிலை. அதையே 'ஹி இஸ் சீரியஸ்' என்று ஆங்கிலத்தில் சொன்னால், அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகத்தான் சொல்கிறார் என்று கேட்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும். 'ஹி இஸ் இன் எ சீரியஸ் கண்டிஷன்' அல்லது 'ஹிஸ் கண்டிஷன் இஸ் க்ரிட்டிக்கல்' என்பதே சரி. கண்டம் தாண்டியபின் 'ஹி இஸ் அவுட் ஆஃப் டேஞ்சர்' என்று சொல்லலாம்.

4. நான்கு பெயர்ச்சொற்களைப் பிரித்தறிதல்

மேல்மூடியும் சுற்றுச்சுவரும் இல்லாத தோட்டத்துக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிணறு 'ஹஸார்ட்', அதாவது தீங்கு செய்யக்கூடிய பொருள். அதில் ஒருவர் விழுவதற்கு எவ்வளவு வாய்ப்பு, விழுந்தால் எவ்வளவு பாதிப்பு என்ற கணக்கு 'ரிஸ்க்'. சுற்றிலும் கம்பிவேலி போட்டால் ஹஸார்ட் அப்படியே இருக்கும், ரிஸ்க் குறையும். ஒரு குழந்தை கிணற்று விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கும் அந்த நேரத்தில் அது 'இன் டேஞ்சர்'. தணிக்கைக்கு வருபவர்கள் முதல் இரண்டையும் கறாராகப் பிரித்துக் கேட்பதால், ஆலைப் பணியாளர்களுக்கு இது வெறும் மொழிப்பாடம் மட்டுமன்று.

'த்ரெட்' என்பது வெளியிலிருந்து நெருங்கி வருவது. பெரும்பாலும் ஒருவருடைய எண்ணமோ ஒரு சூழ்நிலையோ அதற்குப் பின்னால் இருக்கும். திருப்பூரில் இந்தச் சொல்லுக்கு ஒரு தனிக் கேடு உண்டு: நூலைக் குறிக்கும் சொல்லும் அச்சுறுத்தலைக் குறிக்கும் சொல்லும் தமிழ் எழுத்தில் ஒன்றுபோலவே விழுகின்றன. நாள் முழுவதும் நூலைப் பற்றியே எழுதிப் பழகிய விரல்கள் அச்சுறுத்தல் என்னும் இடத்திலும் நூலைத் தட்டிவிடுகின்றன. எழுத்துப்பிழை காட்டும் மென்பொருளும் அதைக் கண்டுகொள்வதில்லை. கடைசி எழுத்து நூலுக்குரிய 'டி'யா (d), அச்சுறுத்தலுக்குரிய 'டீ'யா (t) என்று, அனுப்பும் முன் ஒருமுறை பாருங்கள்.

'ரிஸ்க்' ஒரு வினையோடு சேரும்போதும், தானே வினையாக வரும்போதும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தெரிந்தே துணிவது 'டேக் எ ரிஸ்க்'. தான் செய்வதன் விளைவாக ஆபத்தில் மாட்டக்கூடிய நிலையில் இருப்பது 'ரன் தி ரிஸ்க் ஆஃப்'. 'ரிஸ்க்' என்ற வினைக்குப் பிறகு 'டு' வராது. 'ரிஸ்க் லூஸிங் தி ஆர்டர்' என்று 'இங்' சேர்த்தே எழுத வேண்டும்.

'பெரில்', 'ஜெப்பர்டி' ஆகியவையும் ஆபத்தையே குறிக்கும்; படிக்கும்போது புரிந்தால் போதும். பேச்சில் தேவைப்படாது.

5. பலகைகளையும் லேபிள்களையும் படித்தல்

எச்சரிக்கைச் சொற்களுக்குள் ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்பதே புதியவர்களுக்குத் தெரிவதில்லை. இயந்திரங்களில் ஒட்டப்படும் அமெரிக்க முறை ஸ்டிக்கர்களில், தவிர்க்காவிட்டால் மரணமோ கடும் காயமோ நிச்சயம் என்றால் 'டேஞ்சர்'. அவை நேரக்கூடும் என்றால் 'வார்னிங்'. சிறு காயமோ நடுத்தரக் காயமோ நேரக்கூடும் என்றால் 'காஷன்'. 'நோட்டீஸ்' என்றிருந்தால் உடல் காயத்தோடு தொடர்பில்லாதது, பெரும்பாலும் பொருட்சேதம் பற்றியது.

ரசாயன டிரம்களில் உலகளாவிய முறைப்படி இரண்டே சொற்கள்தாம். கடுமையானதற்கு 'டேஞ்சர்', அதற்கு அடுத்ததற்கு 'வார்னிங்'. காஸ்டிக் டிரம்மில் 'டேஞ்சர்' என்ற சொல்லுக்குக் கீழே, தோலைக் கடுமையாகப் பொசுக்கும், கண்ணைப் பாதிக்கும் என்ற வாசகம் இருக்கும். ஹைட்ரோஸ் டிரம்மிலும் 'டேஞ்சர்'தான்; ஆனால் அங்கே காரணம், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பது. ஒரே சொல், இரு வேறு ஆபத்துகள். ஆகவே பெரிய எழுத்தோடு நின்றுவிடாமல் அடுத்த வரியையும் படித்தாக வேண்டும். அந்த வரியில் 'மே' என்று இருந்தால் நேரக்கூடும் என்றும், 'காஸஸ்' என்று நேரடியாக இருந்தால் நேரும் என்றும் கொள்ளுங்கள்.

பூச்சிமருந்து டப்பாவில் கணக்கே வேறு. இந்தியச் சட்டப்படி சிவப்பு முக்கோணத்துக்கும் மஞ்சள் முக்கோணத்துக்கும் 'பாய்ஸன்' என்ற சொல் வரும். சிவப்பில் மண்டை ஓட்டுப் படமும் சேர்ந்திருக்கும். நீல முக்கோணத்தில் 'டேஞ்சர்', பச்சையில் 'காஷன்'. டிரம்மில் முதலிடத்தில் இருக்கும் 'டேஞ்சர்' இங்கே மூன்றாம் இடத்துக்கு இறங்கிவிடுகிறது. பகலில் சாயப்பட்டறையிலும் காலையிலும் மாலையிலும் மஞ்சள் பயிரிட்ட வயலிலும் வேலை செய்யும் ஒருவர், டிரம்மில் கற்ற அளவுகோலை வைத்து டப்பாவை அளந்தால், மஞ்சள் முக்கோணத்தில் 'டேஞ்சர்' இல்லை என்று துணிந்துவிடுவார். எங்கே படிக்கிறோம் என்பதை முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகே சொல்லைப் படியுங்கள்.

கல்யாண மண்டபங்களில் 'பார்க்கிங் அட் ஓனர்ஸ் ரிஸ்க்' என்று எழுதியிருப்பது அபாய எச்சரிக்கை அன்று. வண்டி காணாமல் போனால் எங்களைக் கேட்காதீர்கள் என்பதே அதன் சாரம்.

6. உதவி கேட்டுப் பேசுதல்

தமிழ்நாட்டுக்குள் 108-ஐயோ 112-ஐயோ அழைத்தால் தமிழிலேயே பேசலாம். அங்கே ஆங்கிலத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. வெளிநாட்டுக் கண்காட்சிக்கோ இயந்திரம் வாங்கவோ செல்பவர்களுக்குத்தான் இது தேவை. பிரிட்டனில் 999, அமெரிக்காவில் 911, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112.

வரிசை இதுதான்: எங்கே, என்ன, எத்தனை பேர், கடைசியில் உங்கள் பெயர். நம் ஊரில் தொலைபேசியை எடுத்ததும் யார் பேசுவது என்பதில் தொடங்கி நலம் விசாரிப்பது வழக்கம். இங்கே இணைப்பு அறுந்துபோனாலும் இடமாவது சென்று சேர்ந்திருக்க வேண்டும் என்பதால் இடத்தை முதலில் சொல்கிறோம்.

வினையின் காலம் உயிரைக் காக்கும் இடம் இது. 'ஹி இஸ் ட்ரௌனிங்' என்றால் இன்னும் நீரில் தத்தளிக்கிறார், காப்பாற்றலாம். 'ஹி ட்ரௌண்ட்' என்றால் இறந்துவிட்டார். கொடிவேரியிலோ பவானி கூடுதுறையிலோ "முழுகிட்டான், முழுகிட்டான்" என்று கரையில் நின்று அலறுவதை அப்படியே இறந்தகால வினையாக மாற்றினால், கேட்பவர் எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைப்பார். நடந்துகொண்டிருப்பது எல்லாவற்றுக்கும் 'இங்' சேர்த்துச் சொல்லுங்கள்: 'தி கேஸ் இஸ் லீக்கிங்', 'ஹி இஸ் சோக்கிங்', 'ஷி இஸ் நாட் ப்ரீதிங்'.

மின்சாரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். "கரண்ட் அடிச்சிருச்சு" என்பதற்கு 'ஹி காட் அன் எலக்ட்ரிக் ஷாக்' என்பதே பாதுகாப்பான வாக்கியம். 'எலக்ட்ரோக்யூட்டட்' என்ற சொல்லைக் கேட்ட பலரும் ஆள் இறந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

இயந்திரத்தில் கையோ துணியோ மாட்டிக்கொண்டால் 'காட்' என்பதைப் பயன்படுத்தி 'ஹிஸ் ஹேண்ட் இஸ் காட் இன் தி மெஷின்' என்று சொல்லலாம். இடிபாட்டுக்குள்ளோ லிஃப்டுக்குள்ளோ வெளியேற முடியாமல் இருந்தால் 'ட்ராப்ட்'.

7. மரபுத்தொடர்கள்

இங்கே வருவதற்கு முன் மேலே உள்ளவை நாவில் பழகியிருக்க வேண்டும். மரபுத்தொடர்கள் ஆபத்தைப் பற்றிப் பேசுவதற்கு உரியவை. ஆபத்துக்குள் இருந்துகொண்டு கூவுவதற்கு உரியவை அல்ல. தீப்பிடித்த கட்டடத்திலிருந்து 'வீ ஆர் இன் ஹாட் வாட்டர்' என்று ஒருவரும் அழைப்பதில்லை.

அகரவரிசையில் படிக்காமல், ஆபத்துக்கு முன், ஆபத்தின்போது, தப்பியபின் என்று மூன்றாகப் பிரித்துப் படியுங்கள். எந்தத் தொடரை எப்போது பயன்படுத்துவது என்பது அந்தப் பிரிவிலேயே விளங்கிவிடும்.

ஆபத்துக்கு முன்: 'ப்ளேயிங் வித் ஃபயர்' நம்முடைய நெருப்போடு விளையாடுவதற்கு நேராகப் பொருந்துகிறது. வினையை விலைகொடுத்து வாங்குவதற்கு 'ஆஸ்கிங் ஃபார் ட்ரபிள்'. 'ஆன் தின் ஐஸ்' என்பது உறைந்த ஏரியைக் கண்ணால் பார்த்திராத நமக்கு ஒட்டாமலே நிற்கும். இன்னொரு தவறு செய்தால் வேலை போய்விடும் என்ற நிலையில் இருப்பவரைப் பற்றிச் சொல்வது என்று அதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். 'ரெட் ஃப்ளாக்' அறிகுறியை மட்டுமே குறிக்கும், ஆபத்தைக் குறிக்காது.

ஆபத்தின்போது: 'இன் ஹாட் வாட்டர்' உயிராபத்து அன்று, மேலிடத்தில் மாட்டிக்கொள்வது. 'இன் டீப் வாட்டர்' சமாளிக்க முடியாத சிக்கல், பெரும்பாலும் பணமுடை. இரண்டையும் மாற்றிப் போடுபவர்கள் அதிகம். இருதலைக் கொள்ளி எறும்புக்கு 'பிட்வீன் தி டெவில் அண்ட் தி டீப் ப்ளூ ஸீ'. வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதைக்கு 'அவுட் ஆஃப் தி ஃப்ரையிங் பேன் இன்டு தி ஃபயர்'. பிழைப்பாரா மாட்டாரா என்று சொல்ல முடியாத நிலைக்கு 'டச் அண்ட் கோ'. ஊசலாடும் உயிருக்கு 'ஹேங்கிங் பை எ த்ரெட்'; இங்கே மட்டும் நூல்தான் சரி.

தப்பியபின்: மயிரிழையில் தப்பியதற்கு 'எ நேரோ எஸ்கேப்', 'எ க்ளோஸ் ஷேவ்', 'எ க்ளோஸ் கால்'. முதலாவதை 'ஹேட்' என்ற வினையோடும் மற்ற இரண்டை 'இட் வாஸ்' என்பதோடும் சேர்த்துப் பழகினால் போதும். நாம் பேச்சில் விட்டெறியும் "ஜஸ்ட் மிஸ்ஸுங்க" ஆங்கிலத்தில் செல்லாது. 'ஐ ஜஸ்ட் மிஸ்ட் தி பஸ்' என்றால் பஸ்ஸில் அடிபடாமல் தப்பினேன் என்று பொருள்படாது; பஸ் போய்விட்டது, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன் என்றே பொருள்படும்.

'அவுட் ஆஃப் தி வுட்ஸ்' பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும்: நிலைமை தேறிவருகிறது, ஆனால் முழுதும் நீங்கவில்லை என்பதற்கு 'நாட் அவுட் ஆஃப் தி வுட்ஸ் யெட்'. காட்டை விட்டு வெளியே வந்தால் ஆபத்து தீர்ந்தது என்ற இந்தக் கணக்கு, யானை காட்டை விட்டு வெளியே வரும்போதுதான் ஆபத்தே தொடங்குகிறது என்று அறிந்த தாளவாடி, ஆசனூர்க்காரர்களுக்கு விசித்திரமாகத்தான் படும்.

'தி கோஸ்ட் இஸ் க்ளியர்' என்பதை ஆபத்து நீங்கியது என்று சில பட்டியல்கள் எழுதியிருக்கின்றன. யாரும் பார்க்கவில்லை, இப்போது நழுவலாம் என்ற வாடை அதில் அடிப்பதால், அலுவலக மடலில் அதை எழுதாதீர்கள்.

8. மடலிலும் பதிவேட்டிலும் எழுதுதல்

வெளிநாட்டு வாங்குநருக்கு எழுதும்போது மரபுத்தொடரை விட்டுவிடுங்கள். அவருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருக்கக்கூடும். ஜெர்மனிக்காரரோ ஸ்பெயின்காரரோ 'டச் அண்ட் கோ' என்பதைப் படித்துவிட்டு அகராதியைத் தேடுவதில் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை. சரக்கு தாமதமாகும் என்றால் 'தி ஷிப்மென்ட் டேட் இஸ் அட் ரிஸ்க்' என்று எழுதி, காரணத்தையும் புதிய தேதியையும் அடுத்த வரியிலேயே கொடுங்கள். 'தி ஷிப்மென்ட் இஸ் இன் டேஞ்சர்' என்று எழுதினால், தூத்துக்குடியில் ஏற்றிய சரக்குக் கப்பலுக்கே ஏதோ நேர்ந்துவிட்டதாக அவர் பதறக்கூடும்.

ஆலையின் பாதுகாப்புப் பதிவேட்டில் வரும் 'நியர் மிஸ்', விபத்து நேர இருந்து யாருக்கும் காயமின்றி முடிந்த நிகழ்வு. இதை எழுதும்போது தமிழ் வாக்கிய அமைப்பு குறுக்கே வரும். நாம் தப்பியவரை எழுவாயாக வைத்துச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'மிஸ்' என்ற வினைக்கு விழுந்த பொருள்தான் எழுவாய். 'எ பேல் ஃபெல் ஃப்ரம் தி ஃபோர்க்லிஃப்ட். இட் மிஸ்ட் எ ஹெல்பர் பை அபௌட் டூ ஃபீட். நோ ஒன் வாஸ் ஹர்ட்.' பேல் (பொதி) விழுந்தது, உதவியாளருக்கு ஏறக்குறைய இரண்டடி தள்ளிப் போனது, யாருக்கும் அடியில்லை: மூன்று சிறு வாக்கியங்கள், மூன்றும் இறந்தகாலத்தில்.

காயம் இல்லை என்பதை எப்போதும் தனி வாக்கியமாகவே எழுதுங்கள். நீண்ட வாக்கியத்தின் வாலில் அதைச் செருகினால், பதிவேட்டை வேகமாகப் புரட்டுபவரின் கண்ணுக்குத் தப்பிவிடும். அதன் கீழே, அந்த நேரத்தில் உண்மையில் என்ன கூவினீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதிவையுங்கள். அடுத்த வாரப் பயிற்சியை அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.